சூரிய வெடிப்பை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? முல்லைத்தீவிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

முல்லைத்தீவிலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வி சுருக்கமாக இதுதான். சூரியனில் பெரிய வெடிப்பு நிகழ்ந்துள்ளது என்றும், ஆபத்தான கதிர்கள் பூமியைக் கடப்பதால் இன்றிரவு பன்னிரண்டரை மணி முதல் மூன்றரை மணி வரை கைத்தொலைபேசிகளை அணைத்து வைக்க வேண்டும் என்றும் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. அவருடைய அப்பா இரவில் தொழிலுக்குப் போகிறவர். வலை விட்ட இடத்துக்குத் திரும்புவதற்கு ஜி.பி.எஸ். கருவியையே நம்பியிருக்கிறார். அவர் கடலுக்குப் போகலாமா, இதெல்லாம் உண்மையென்றால் விஞ்ஞானிகள் ஏன் சரியான நேரத்தைச் சொல்வதில்லை என்று சகோதரி கேட்கிறார்.

முதற் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா சூரியனை எண்ணிப் பயப்படாமல் தொழிலுக்குப் போகலாம். போவதா நிற்பதா என்பதைக் காற்றையும் கடற்கொந்தளிப்பையும் பற்றிய வானிலை அறிவித்தலைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். அந்த வாட்ஸ்அப் செய்தி பல வருடங்களாக, அதே பன்னிரண்டரை, அதே மூன்றரை என்ற மணிக்கணக்கோடு சுற்றி வருவது. நள்ளிரவில் சூரியன் பூமியின் மறுபக்கத்தில் இருக்கிறது. அதன் கதிருக்கும் நமக்கும் இடையில் பூமி முழுவதும் நிற்கிறது. தொலைபேசியை அணைப்பதால் எதுவும் மாறப்போவதில்லை. இரண்டாவது கேள்வி அப்படி ஒரு வரியில் முடிவதன்று. கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பித்து வருபவன் என்ற முறையில், அதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

சூரிய வெடிப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வெவ்வேறு விடயங்கள் கலந்திருக்கின்றன. அவை மூன்றும் மூன்று வேகத்தில் நம்மிடம் வருகின்றன. முதலாவது சுவாலை. அது எக்ஸ் கதிரும் புறஊதாக் கதிரும் திடீரெனப் பெருகும் ஓர் ஒளிவெடிப்பு. ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 8 நிமிடம் 20 விநாடியில் பூமியை அடைகிறது. ஆகவே சுவாலையைக் கண்டோம் என்பதும் அது வந்துவிட்டது என்பதும் ஒன்றே. இரண்டாவது, பெருவேகம் பெற்ற புரோத்தன் முதலிய துணிக்கைகள். இவை சில பத்து நிமிடங்களிலிருந்து சில மணித்தியாலங்களுக்குள் வந்துசேரும். மூன்றாவதுதான் பூமியின் காந்தப்புலத்தைக் கலக்கும் காந்தப் புயலை உண்டாக்குவது. சூரியனின் வெளிவளிமண்டலமாகிய கொரோனாவிலிருந்து பலநூறு கோடி தொன் பொருள், தன்னுடைய காந்தப்புலத்தையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வீசப்படுகிறது. இதனைக் கொரோனாத் திணிவு உமிழ்வு என்பர். இனிமேல் உமிழ்வு என்றே குறிப்பிடுகிறேன். மிக வேகமானவை பதினைந்து, பதினெட்டு மணித்தியாலங்களில் இங்கு வந்திருக்கின்றன. சாதாரணமானவை இரண்டு, மூன்று நாட்கள் எடுக்கின்றன.

பெரிய சுவாலை என்றால் பெரிய புயல் வரும் என்று நம்முடைய செய்தித் தளங்கள் எழுதுவது பிழை. 2014 ஒக்டோபரில் 24 வருடங்களில் காணாத அளவு பெரிய சூரியப்புள்ளிக் கூட்டம் ஒன்று பூமிக்கு நேரே வந்து நின்றது. மிக வலுவான எக்ஸ் வகைச் சுவாலைகள் ஆறு அதிலிருந்து வெடித்தன. ஆயினும் குறிப்பிடத்தக்க உமிழ்வு ஏறத்தாழ எதுவுமே வெளியேறவில்லை. அந்தப் புள்ளிக்கூட்டத்துக்கு மேலே வளைந்திருந்த வலுவான காந்தப்புலம், கூண்டு போலப் பொருளை உள்ளேயே அடக்கி வைத்துவிட்டது.

எனவே எதிர்வுகூறுகிறவர்களின் முதற் கேள்வி, எந்தப் புள்ளி எப்போது வெடிக்கும் என்பது. இதற்கு நேரம் குறித்துப் பதில் சொல்ல இன்றைக்கும் எவராலும் முடியாது. சாத்தியத்தை மட்டுமே சொல்லலாம். சூரியப்புள்ளி என்பது உள்ளிருந்து மேலெழுந்த வலுவான காந்தப்புலம், வெப்பம் மேலே வருவதைத் தடுப்பதால் குளிர்ந்து கருமையாகத் தெரியும் இடம். வடமுனைவும் தென்முனைவும் தள்ளித் தள்ளி நிற்கும் புள்ளிகள் பெரும்பாலும் அமைதியானவை. எதிரெதிர் முனைவுகள் ஒரே அரைநிழலுக்குள் (புள்ளியின் கரிய நடுவைச் சூழ்ந்த மங்கலான விளிம்புக்குள்) நெருக்கி முறுகி நிற்கும் டெல்டா வகைப் புள்ளிகளே ஆபத்தானவை. 2010 முதல் ஓர் அமெரிக்கச் செய்மதி சூரியனின் காந்தப்புலத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படமெடுத்து வருகிறது. அந்தப் படங்களை வைத்து, அடுத்த 24 மணித்தியாலத்தில் எக்ஸ் வகைச் சுவாலைக்கு நூற்றுக்கு இத்தனை வீதம் வாய்ப்பு என்று அறிவிக்கிறார்கள். கணினிகளுக்கு இதே படங்களைக் கொடுத்துப் பழக்கும் முயற்சிகள் இப்போது வேகமாக நடக்கின்றன. ஆயினும் மிகப்பெரிய வெடிப்புகள் அரிதானவை என்பதால், கணினி கற்றுக்கொள்வதற்குப் போதிய முன்னுதாரணங்கள் இல்லை. இந்த விடயத்தில் பழைய பதிவுகள் விலைமதிப்பற்றவை. நமக்கு அருகிலுள்ள கொடைக்கானல் அவதான நிலையத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள் என்பதை என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்வேன்.

2024 மே 9 ஆம் திகதி காலை, இருகண் தொலைநோக்கியின் ஒரு கண்ணை மூடி, மற்றையதன் வழியே சூரியனின் விம்பத்தை ஒரு வெள்ளைத் தாளில் விழுத்தி மாணவர்களுக்குக் காட்டினேன். (தொலைநோக்கி வழியே சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும், தாளில் விழுத்தி மட்டுமே பார்க்க வேண்டும்.) ஏறத்தாழப் பத்துச் சென்ரிமீற்றர் அகலமான அந்த ஒளிவட்டத்தில், ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளத்துக்கு மை தெறித்தது போல ஒரு கறை இருந்தது. பென்சிலால் அதன் ஓரத்தைக் கீறிக் காட்டினேன். உண்மையில் அதன் நீளம் பூமியைப் போலப் பதினைந்து உருண்டைகளை வரிசையாக வைக்கும் அளவு. அந்தக் கறைதான் அடுத்த நாள் இரவு இருபது வருடங்களில் மிகப்பெரிய காந்தப் புயலைக் கொண்டுவந்தது.

வெடித்த பின்னர் வரும் இரண்டாவது கேள்வி, புறப்பட்ட உமிழ்வு இங்கு எப்போது வந்துசேரும் என்பது. இதனைக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை வைத்து விளங்கிக்கொள்ளலாம். 2018 டிசெம்பரில் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, நீர் புறப்பட்டுவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குளத்துக்குக் கீழேயுள்ள கண்டாவளைப் பக்கம் அது எத்தனை மணிக்கு, எந்த மட்டத்தில் வரும் என்பது, ஏற்கெனவே ஆற்றில் எவ்வளவு நீர் ஓடியது, இடையில் வயல்கள் நிரம்பியிருந்தனவா என்பவற்றைப் பொறுத்தது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான 15 கோடி கிலோமீற்றரும் வெறுமையானதன்று. சூரியனிலிருந்து ஓயாது வெளியேறும் மின்னேற்றத் துணிக்கைகளாகிய சூரியக் காற்று எப்போதும் அதில் வீசிக்கொண்டிருக்கிறது. மெதுவான காற்றில் முட்டும் உமிழ்வு வேகம் குறைகிறது. முன்னே போன உமிழ்வு பாதையைத் துப்புரவாக்கிவிட்டால் பின்னே வருவது வேகம் குறையாமல் வருகிறது. 1859 செப்டெம்பரில் ரிச்சர்ட் கரிங்டன் என்ற ஆங்கிலேயர் கண்ணால் கண்ட சுவாலையை அடுத்து வந்த புயல் பதினெட்டு மணித்தியாலத்துக்குள் பூமியை அடைந்தது. இன்றைய கணிப்பு முறைகள் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் முன்பின்னாகத் தவறுகின்றன. "நாளை மாலை" என்று சொல்லப்பட்டது நாளை காலையிலும் வரலாம், மறுநாள் காலையிலும் வரலாம்.

சில வேளைகளில் வராமலே போகும். 2014 ஜனவரி 7 ஆம் திகதி சூரியனின் நடுப்பகுதிக்கு அருகிலிருந்து ஒரு பெரிய சுவாலையும் வேகமான உமிழ்வும் புறப்பட்டன. எல்லா அறிகுறிகளும் பூமியையே காட்டின. வலுவான புயல் வரும் என்று அறிவித்தார்கள். இங்கு வந்ததோ மிகச் சொற்பம். புறப்பட்ட இடத்துக்கு அருகிலிருந்த வலுவான காந்தப்புலம் அதனைப் பக்கவாட்டில் தள்ளிவிட, உமிழ்வின் பெரும்பகுதி செவ்வாயின் பக்கமாகத் திரும்பிச் சென்றுவிட்டது என்று பின்னர் கண்டறிந்தார்கள். இதை ஒரு தோல்வியாக நான் பார்ப்பதில்லை. புறப்பட்ட முதல் சில மணித்தியாலங்களில் நடக்கும் திருப்பத்தை ஏன் கணக்கிட வேண்டும் என்பதை அந்த ஒரு சம்பவமே உறுதியாகக் கற்பித்தது.

இனிச் சொல்லப்போவதே, என் கருத்தில், உங்கள் கேள்வியின் மையம். உமிழ்வு நேராக வந்து பூமியில் மோதினாலும், புயல் பெரிதாகுமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அது சுமந்து வரும் காந்தப்புலத்தின் திசை. பூமியைச் சுற்றியுள்ள காந்தப்புலம், சூரியனை நோக்கிய முன்பக்கத்தில் வடக்கு நோக்கி இருக்கிறது. வருகின்ற புலமும் வடக்கு நோக்கியதாயின், இரண்டும் ஒன்றையொன்று விலக்க, பெரும்பகுதி வழுவிப் போய்விடும். வருவது தெற்கு நோக்கியதாயின், இரண்டு புலங்களும் அறுந்து ஒன்றோடொன்று இணைந்து, பூமியின் காந்தக் கவசம் திறந்துகொள்ளும். சக்தி உள்ளே பாயும். ஆய்வுகூடத்தில் இரண்டு சட்டக் காந்தங்களை அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

வருத்தம் என்னவென்றால், அந்தத் திசையைத் தூரத்திலிருந்து பார்த்து அறிய முடியாது. உமிழ்வு ஒரு மெல்லிய ஒளிமேகமாக மட்டுமே படத்தில் தெரியும். அதன் உள்ளே புலம் எப்பக்கம் முறுகியிருக்கிறது என்பதை, அது ஒரு விண்கலத்தின் மேல் வந்து படும்போதே அளக்கலாம். அத்தகைய விண்கலங்கள் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில், எல் 1 எனப்படும் ஈர்ப்புச் சமநிலைப் புள்ளியைச் சுற்றி நிற்கின்றன. 2023 செப்டெம்பர் 2 ஆம் திகதி ஏவப்பட்டு 2024 ஜனவரி 6 ஆம் திகதி அங்கு சேர்ந்த இந்தியாவின் ஆதித்யா எல் 1 உம் அவற்றுள் ஒன்று. அதன் திட்டப் பணிப்பாளராக இருந்த நிகர் ஷாஜி, தமிழ்நாட்டின் செங்கோட்டையில் பிறந்தவர். பூமிக்கும் சூரியனுக்கும் இடைத்தூரத்தில் இந்தப் புள்ளி நூற்றில் ஒரு பங்கு தொலைவிலேயே இருக்கிறது. அங்கு சூரியக் காற்று அளக்கப்பட்டு, இங்கு புயல் வந்துசேர்வதற்கு இடையில் கிடைப்பது வேகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 15 நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம். உறுதியாகச் சொல்லக்கூடிய எச்சரிக்கைக்கு இன்றைக்கு நம்மிடமுள்ள அவகாசம் இவ்வளவே. மூன்று நாட்களுக்கு முன் சொல்லப்படுவது எதிர்பார்ப்பு. ஒரு மணித்தியாலத்துக்கு முன் சொல்லப்படுவதே எச்சரிக்கை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், விஞ்ஞானிகள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள் என்ற மனக்குறை வராது.

2024 மே மாதம் இதற்கு நல்ல உதாரணம். ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்தது ஐந்து உமிழ்வுகள் வருவதைக் கண்டு, அமெரிக்காவின் விண்வெளி வானிலை எதிர்வுகூறல் நிலையம் மே 9 ஆம் திகதி, காந்தப் புயல்களைத் தரம் பிரிக்கும் ஐந்து படிகளில் நான்காவதாகிய ஜி 4 தரத்துக்கான முன்னறிவித்தலை வெளியிட்டது. 2005 க்குப் பின்னர் அந்தத் தரத்தில் முன்னறிவித்தல் விடப்பட்டது அதுவே முதற்தடவை. நம்முடைய நேரப்படி 10 ஆம் திகதி இரவு பத்தரை மணியளவில் உமிழ்வின் முன்னே வந்த அதிர்ச்சி அலை பூமியை எட்டியது. புயல் ஐந்து படிகளில் உச்சமான ஜி 5 ஐத் தொட்டது. லடாக்கின் ஹான்லேயில் சிவந்த துருவ ஒளி படமெடுக்கப்பட்டது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் விதைப்புக் காலமாக இருந்ததால், ஜி.பி.எஸ். துணையோடு தானே வரிசை பிடித்து ஓடும் உழவு இயந்திரங்கள் தடம் மாறி, பல விவசாயிகள் வேலையை நிறுத்தினார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு, 2023 மார்ச்சில் நடந்தது எதிர்மாறானது. சிறிய புயல் என்று எதிர்பார்த்த இடத்தில் ஜி 4 வந்து நின்றது.

தரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜி 1 தரப் புயல் ஒரு பதினொரு வருடச் சூரியச் சுழற்சியில் ஏறத்தாழ 900 நாட்களில் நிகழ்கிறது. ஜி 5 ஏறத்தாழ நான்கு நாட்களில் மட்டுமே. "பூமியைத் தாக்க வருகிறது சூரியப் புயல்" என்ற தலைப்பின் கீழ் ஜி 1 அல்லது ஜி 2 என்று எழுதப்பட்டிருந்தால் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

இனி வன்னிக்கு வருவோம். 1989 மார்ச் 13 ஆம் திகதி கனடாவின் கியூபெக் மாகாணத்தின் மின்வலையமைப்பு ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் விழுந்து, அறுபது இலட்சம் மக்கள் ஒன்பது மணித்தியாலம் இருளில் இருந்தார்கள். புயலின்போது மாறும் காந்தப்புலம் நிலத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, அது நீண்ட மின்கம்பிகள் வழியே மின்மாற்றிகளுக்குள் புகுந்ததே காரணம். இது முதன்மையாகத் துருவத்துக்கு அண்மையிலுள்ள, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளக் கம்பிகளைக் கொண்ட நாடுகளின் பிரச்சினை. நம்முடைய நாட்டின் 132, 220 கிலோவோல்ற்று வலையமைப்பு சிறியது. இருப்பிடமும் நடுக்கோட்டுக்கு அண்மையானது. 2003 ஒக்டோபர் இறுதியில் வந்த புயல்களின் பின்னர் தென்னாபிரிக்காவில் மின்மாற்றிகள் பழுதடைந்த அனுபவம் இருப்பதால், பொறியியலாளர்கள் இதனை முற்றாக மறந்துவிடக் கூடாது என்பேன்; ஆனால் கிளிநொச்சியில் மின்சாரம் நின்றால் அதற்குச் சூரியனைத் தேட வேண்டியதில்லை.

கதிர்வீச்சைப் பற்றிய பயத்துக்கு இங்கு இடமே இல்லை. ஒரு சதுர மீற்றர் நிலத்துக்கு மேலே பத்துத் தொன் காற்று இருக்கிறது. அதற்கும் மேலே காந்தப்புலம் இருக்கிறது. அந்தப் புலம் நம்முடைய பகுதியில் நிலத்துக்கு ஏறத்தாழச் சமாந்தரமாக ஓடுவதால், வெளியிலிருந்து வரும் துணிக்கைகளை உலகிலேயே மிக வலுவாகத் திருப்பியனுப்பும் இடங்களில் தென்னிந்தியாவும் இலங்கையும் அடங்கும். அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்புவதற்கு மிகக் குறைந்த காரணம் உள்ள மக்கள் நாம்தான்.

அதே காந்தப்புல அமைப்பு நமக்கு இன்னொரு விதத்தில் தொல்லையும் தருகிறது. ஒரு காந்த ஊசியை நடுவில் நூலால் கட்டித் தொங்கவிட்டால், லண்டனில் அதன் முனை அறுபது பாகைக்கு மேல் கீழே குத்திட்டு நிற்கும். என்னுடைய வகுப்பறையில் அதே ஊசி பார்வைக்குக் கிடையாகவே நிற்கிறது. ஊசி முற்றிலும் கிடையாக நிற்கும் கோடாகிய காந்த நடுவரை நமக்கு இவ்வளவு அண்மையில் செல்கிறது என்பதன் பொருள் அதுதான். 1963 இல் கேரளத்தின் தும்பாவை ரொக்கற் ஏவுதளமாகத் தெரிந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். இந்தக் கிடையான புலத்தின் காரணமாக, சூரியன் மறைந்த பின்னர் நமக்கு மேலேயுள்ள அயன மண்டலம் (சூரியக் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற உயர் வளிமண்டலப் படை) நிலைகுலைகிறது. அடியில் இலத்திரன் செறிவு குறைந்த பகுதிகள், கொதிக்கும் சோற்றுப் பானையில் குமிழிகள் எழுவது போல மேலே எழுகின்றன. அவற்றை ஊடுருவி வரும் செய்மதிச் சமிக்ஞை, நட்சத்திரம் மின்னுவது போல மின்னுகிறது, ஜி.பி.எஸ். கருவி சில செய்மதிகளைச் சில நிமிடங்களுக்குத் தவறவிடுகிறது. சூரியச் செயற்பாடு உச்சத்தில் இருக்கும் வருடங்களில், மார்ச், ஏப்ரல், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில், பொழுதுபட்டு ஒரு மணித்தியாலத்திலிருந்து நள்ளிரவு வரை இது அதிகம். இதற்குப் புயல் தேவையில்லை. அமைதியான நாளிலும் நடக்கும். புயல் வந்தால் அது எந்நேரத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்துக் குமிழிகள் கூடவும் செய்யலாம், முற்றாக அடங்கவும் செய்யலாம். எதிர்வுகூறுவதற்கு இது சூரிய வெடிப்பிலும் கடினமானது. நம்முடைய பிராந்தியத்தின் பல்கலைக்கழகங்கள் உழைக்க வேண்டிய இடம் இதுவென்று நான் மனதார நம்புகிறேன்.

வன்னியில் வளர்ந்த மூத்தவர்களுக்கு அயன மண்டலம் அந்நியமானதன்று. மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியை இயக்கிச் சிற்றலையில் தமிழ்ச் செய்தி கேட்டோம். வேறு கண்டத்திலிருந்து வந்த அந்தக் குரல் அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பியே எங்கள் முற்றத்துக்கு வந்தது. பகலில் வலுவான சுவாலை ஒன்று வெடித்தால், அதன் எக்ஸ் கதிர் அயன மண்டலத்தின் கீழ்ப்படையைத் தடிப்பாக்கி இந்தச் சிற்றலைகளை விழுங்கிவிடும். 2017 செப்டெம்பரில் கரிபியன் தீவுகளை இர்மா சூறாவளி தாக்கிக்கொண்டிருந்த அதே நாட்களில் எக்ஸ் 9.3 சுவாலை வெடித்து, மீட்புப் பணிக்கு நம்பியிருந்த சிற்றலைத் தொடர்பு அறுந்தது. நெடுநாட் மீன்பிடிக் கலங்களில் இன்றும் சிற்றலை வானொலி வைத்திருப்பவர்கள், பகலில் திடீரென எல்லா அலைவரிசையும் ஒன்றாக அடங்கினால் கருவியைக் கழற்றிப் பார்க்காமல் ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கலாம்.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவு. வலை விட்டதும் இடத்தைக் கருவியில் பதிகிறபோது, கரையின் வெளிச்சமோ கோபுரமோ எந்தத் திசையில் தெரிகிறது என்பதையும் மனதில் பதித்துக்கொள்ளட்டும். இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் திரையில் இடம் குதித்தால், அல்லது செய்மதிகளின் எண்ணிக்கை சட்டென்று குறைந்தால், அந்த எண்ணை நம்பி வள்ளத்தைத் திருப்பாமல் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடியும் பார்க்கட்டும். புதிய கருவி வாங்குவதாயின், ஜி.பி.எஸ். உடன் மற்றைய நாடுகளின் செய்மதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் கருவியாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஒன்றிரண்டு செய்மதிகள் தவறினாலும் மிச்சம் இருக்கும். வள்ளத்தில் ஒரு சாதாரண திசைகாட்டியும் இருக்கட்டும். 2024 மே புயலின் உச்சத்தில்கூட நம்முடைய பகுதியில் காந்தப்புலம் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே குறைந்தது. அதனால் ஊசியின் திசை கண்ணுக்குத் தெரியும்படி விலகாது. அதைப் பார்த்து மேற்கே ஓட்டினால் கரை வந்துவிடும்.